ஓடற மிஷின்ல ரேம் ஏத்தற கத

சனிக்கெழம பொழுதோட திருப்பூர்ல சர்வர் தொங்குச்சுன்னா அது சாதாரண சமாச்சாரம் இல்லீங்க. வாரச் சம்பளம் அன்னைக்குத்தான். பீஸ் ரேட்டுல தைக்கற டெய்லருங்க, செக்கிங் அக்காங்க, அயர்ன் போடறவங்க, பேக்கிங் பசங்க, எல்லாருக்கும் வாரம் முழுக்க என்ன ஓடுச்சுன்னு கணக்குப் போட்டு லிஸ்ட்டு பிரிண்ட் வந்தாத்தான் கவர்ல பணம் வெக்க முடியும், கவர் கைக்கு வந்தாத்தான் அவங்க மளிகக்கடைக்குப் போவாங்க, ஊருக்குப் பஸ் ஏறுவாங்க. லிஸ்ட்டு வரலைன்னா கேட்டுல கூட்டம் நிக்கும். எல்லாரும் ஆபீஸ் ரூம் கண்ணாடியவே பாத்துட்டு நிப்பாங்க.

நான் அன்னைக்குன்னு பாத்து காங்கயம் பக்கத்துல ஒறம்பர ஊட்டுக் கெடா விருந்துல எலைக்கு முன்னாடி ஒக்காந்திருந்தேன். கறி வெச்சாச்சு, கொழம்பு வாளி எனக்கு ரெண்டு ஆள் தள்ளி வந்துட்டு இருக்குது, போன் அடிக்குது. அக்கவுண்ட்ஸ்ல இருக்கற அம்மிணி. "அண்ணா, சம்பள லிஸ்ட்டு சுத்திக்கிட்டே இருக்குதுங்க, இருவது நிமிசமாச்சு, மொதலாளி இங்கயே நிக்கறாருங்"ன்னா. பின்னாடி மொதலாளி குரல் கேக்குது, "நிறுத்தாம எதாச்சும் பண்ண முடியுமான்னு கேளு, நிறுத்துனா போட்டது பூராவும் போயிரும்"னு.

நெம்ப தைரியமா சொன்னேனுங்க, அஞ்சே நிமிசம், ரேம் ஏத்தி விட்டர்றேன், எதையும் நிறுத்த வேண்டியதில்லைன்னு. ஏன்னா எங்க ஈஆர்பி, அதாவது சம்பளம், ஸ்டாக், பில்லுன்னு எல்லாம் போடற கம்பெனி சாஃப்ட்வேரு, ஓடறது தனி பெட்டில இல்ல, ஒரு பெரிய பெட்டிக்குள்ள விஎம்மா, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரா ஓடுது. பெரிய பெட்டில 128 ஜிபி ரேம், அதுல பாதி கூட யாரும் தொடல. ஈஆர்பி விஎம்முக்கு நான் குடுத்து வெச்சது 8 ஜிபி, 4 சிபியூ. பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துல தண்ணி தளும்புது, நம்ம வாய்க்கா காஞ்சு கெடக்குது, மடைய வெட்டி விட்டாப் போதுமேன்னுதான் நெனச்சேன்.

கைய கழுவிட்டு வந்து தென்ன மரத்தடில நின்னுட்டு மொபைல்ல விபிஎன் போட்டு ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள போயி, விஎம்முங்கள ஓட்டற ப்ராக்ஸ்மாக்ஸ் ஸ்க்ரீனத் தொறந்து மெமரிய 8-ல இருந்து 16 ஆக்கி ஓகே குடுத்தேன். ஏத்துக்குச்சு. ஆனா அந்த 16 வேற கலர்ல நிக்குது, பழைய 8-ம் பக்கத்துலயே நிக்குது. அதுக்கு அர்த்தம் 'எழுதி வெச்சுக்கிட்டேன், நீ மிஷின ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போது தர்றேன்'னு. அதாவது இப்ப கெடைக்காது. அந்த எடத்துல நான் முழிச்ச முழி இருக்குதே, மாமன் ஒருத்தர் வந்து "ஏனுங் மாப்ள, ஊட்ல எதாச்சும்ங்களா"ன்னு கேட்டுட்டாரு.

தப்பு சாஃப்ட்வேர் மேல இல்ல, என்ற மேலதான். ஓடும்போதே வன்பொருள மாத்தறதுக்கு ஹாட்பிளக்குன்னு பேரு, ப்ராக்ஸ்மாக்ஸ் மாதிரியே இன்னொண்ணான விஎம்வேர் ஆளுங்க ஹாட் ஆட்னு சொல்லுவாங்க, அது சினிமால காட்டற மாதிரி நெனச்ச நேரத்துக்கு வர்றது கெடயாது, மிஷின் நின்னுட்டு இருக்கும்போதே 'பின்னால ஒரு நாள் உனக்கு ஓடறப்பவே சாமான் மாட்டுவேன், எடம் விட்டு வெச்சுக்கோ'ன்னு சொல்லி வெச்சிருக்கணும். ஊடு கட்டும்போதே மாடிக்குக் கம்பி நீட்டி விட்டு வெக்கற மாதிரின்னு வெச்சுக்கங்களேன். நான் அந்த விஎம்ம உருவாக்குன அன்னைக்கு நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு அமுக்கிட்டுப் போனவன், கம்பியெல்லாம் நீட்டி விடல.

அன்னைக்கு எப்படித் தப்பிச்சேன்னா, மெர்ச்சண்டைசிங் ரூம்ல இருந்த அத்தன பேரையும் லாகவுட் பண்ணச் சொன்னேன், பின்னாடி ஓடிட்டு இருந்த ஸ்டாக் ரிப்போர்ட் ஒண்ண நிறுத்துனேன், ரேம் பத்தாம டிஸ்க்குல ஸ்வாப்னு தள்ளுனதெல்லாம் மெதுவா திரும்பி வந்துச்சு, எட்டரைக்கு லிஸ்ட்டு பிரிண்ட் ஆச்சு. நான் சாப்பிடப் போனப்போ பந்தி முடிஞ்சு எலையெடுத்துட்டு இருந்தாங்க. ரசம்தான் இருந்துச்சு.

ராத்திரி பதினொன்னரைக்கு திருப்பூர் வந்து, எல்லாரும் போனதுக்கு அப்பறம் விஎம்ம முழுசா ஷட்டவுன் பண்ணிட்டு ஒக்காந்து சரி பண்ணுனேன். முழுசா ஷட்டவுன்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, உள்ள லினக்ஸ்ல போயி ரீபூட்னு அடிச்சீங்கன்னா அந்த எழுதி வெச்ச மாத்தம் வராது, ஏன்னா வெளில விஎம்ம ஓட்டிட்டு இருக்கற க்யூஇஎம்யூங்கற ப்ராசஸ் சாகவே இல்ல, அதே பழைய பெட்டிக்குள்ளதான் ஓஎஸ் மறுபடி எந்திரிக்குது. வெளிய ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கத்துல இருந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்.

தெரியாதவங்களுக்காக ஒரு வரி சொல்லிடறேன், ப்ராக்ஸ்மாக்ஸ்ங்கறது வியன்னாவுல இருக்கற ஒரு கம்பெனி 2008-ல மொத வெர்சன் விட்டது, டெபியன்ங்கற லினக்ஸ் மேல ஒக்காந்திருக்கும், அடியில விஎம்ம ஓட்டற வேல பாக்கறது கேவிஎம், அது 2007-ல 2.6.20 கர்னல்லயே (கர்னல்னா ஓஎஸ்சோட மையம்) லினக்ஸுக்குள்ள சேந்துருச்சு. எங்கள மாதிரி மீடியம் சைஸ் கம்பெனிக்கு லைசன்ஸ் செலவு இல்லாம ஓட்டறதுக்கு இது தோதா இருக்குது.

அதுல விஎம்மோட ஆப்ஷன்ஸ் பக்கத்துல ஹாட்பிளக்குன்னு ஒரு வரி இருக்குதுங்க. சும்மா விட்டா டிஸ்க், நெட்வொர்க், யுஎஸ்பி மூணுக்கு மட்டும் டிக் இருக்கும், மெமரிக்கும் சிபியூவுக்கும் இருக்காது. ரெண்டையும் டிக் பண்ணணும். மெமரிக்கு டிக் போட்டா மட்டும் பத்தாது, ப்ராசசர் பக்கத்துல போயி, எந்த ரேம் எந்த சிபியூவுக்குப் பக்கம்னு பிரிச்சுக் காட்டற நூமாவையும் ஆன் பண்ணணும், இல்லைன்னா எடுத்துக்காது. சிபியூவுக்கு கணக்கு வேற மாதிரி. சாக்கெட்டு இன்ட்டு கோர்னு போடறது உச்ச வரம்பு, அதுக்குக் கீழ விசிபியூன்னு ஒரு கட்டம் இருக்குது, அதுலதான் இப்ப எத்தன ஓடணும்னு சொல்லணும். நான் 1 சாக்கெட்டு, 8 கோர், விசிபியூ 4-ன்னு வெச்சேன். அப்ப ஓடும்போது 4-ஐ 8 வரைக்கும் ஏத்திக்கலாம், 9 ஆக்கணும்னா மறுபடி நிறுத்தித்தான் ஆகணும். மேசைல எட்டு மிஷினுக்கு எடம் விட்டு நாலு மட்டும் போட்டிருக்கற மாதிரி.

இது முடிச்சு ஒரு மாசம் கழிச்சு மறுபடி அதே சனிக்கெழம கூத்து வந்துச்சு, இந்த தடவ நான் ஆபீஸ்லயே இருந்தேன், மொதலாளிக்கு முன்னாடியே லேப்டாப்பத் தொறந்து விசிபியூவ 4-ல இருந்து 8 ஆக்குனேன். கலர் எதுவும் மாறல, நேரா ஏறிடுச்சு. "பாத்தீங்ளா"ன்னு ஒரு பார்வ பாத்தேன். அம்மிணி சொல்றா, "அண்ணா, அப்படியேதான் இருக்குதுங்க".

உள்ள போயி எல்எஸ்சிபியூன்னு கமாண்ட் அடிச்சுப் பாத்தா, மொத்த சிபியூ 8, ஆன்லைன் 0-3, ஆஃப்லைன் 4-7. நாலு புது மிஷின் வந்து லைன்ல எறக்கி வெச்சிருக்குது, ஒக்காந்து தைக்க ஆள் இல்ல! ஓவர்லாக் மிஷின் வாங்கிப் போட்டுட்டு டெய்லர கூப்பிட மறந்த கத. பெட்டிக்காரன் குடுத்துட்டான், உள்ள இருக்கற ஓஎஸ் 'வந்திருக்குது, பாத்தேன்'னு குறிச்சு வெச்சுக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்குது. விஎம்முக்குள்ள இருக்கற டெபியன் அப்படித்தான், நீங்க சொன்னாத்தான் எடுத்துக்கும். சிஸ் டைரக்டரிக்குள்ள டிவைசஸ், சிஸ்டம், சிபியூன்னு எறங்கிப் போனா ஒவ்வொரு சிபியூவுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள ஆன்லைன்னு பேருல ஒரு ஃபைலு, உள்ள ஒத்த எழுத்து, 0. அத 1 ஆக்குனா அந்த சிபியூ எந்திரிச்சு வேலைக்கு வந்துரும். சிபியூ 0-க்கு மட்டும் பெரும்பாலும் அந்த ஃபைலே இருக்காது, அவரு மேஸ்திரி, அவர வீட்டுக்கு அனுப்ப முடியாது.

நாலு ஃபைல்ல நாலு 1 எழுதுனேன். எது எவ்வளவு ஓடுதுன்னு காட்டற டாப் கமாண்ட்ல 1 அமுக்கிப் பாத்தா எட்டு வரியும் மேல கீழ ஆட ஆரம்பிச்சுது. அத ஒவ்வொரு தடவையும் கையால பண்ண வேண்டாம்னு புதுசா சாமான் வந்தா என்ன பண்ணணும்னு லினக்ஸுக்குச் சொல்ற யூடெவ் ரூல் ஒண்ணு எழுதி வெச்சிட்டேன், சிபியூ புதுசா வந்து ஆன்லைன் 0-ன்னு இருந்தா 1 ஆக்குன்னு ஒரே வரி, ப்ராக்ஸ்மாக்ஸ் விக்கிலயே இருக்குது. மெமரிக்கும் இதே பஞ்சாயத்து உண்டு, அதுக்கு கர்னல் பூட் ஆகற வரில மெம்எச்பி டீஃபால்ட் ஸ்டேட் ஆன்லைன்னு ஒண்ணு சேத்துட்டா வந்த ரேம அதுவே எடுத்துக்கும். எத்தன வந்திருக்குது, எது முழிச்சிருக்குது எது தூங்குதுன்னு எல்எஸ்மெம் காட்டும்.

அப்ப எல்லாம் முடிஞ்சுதா? இல்லீங்க. ரேமும் அந்த ராத்திரி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனதுலயே 16 ஆயிருச்சு, ஃப்ரீ கமாண்ட்ல 16 காட்டுது, ஓஎஸ்சுக்கு சந்தோசம், ஈஆர்பிக்கு ஒண்ணுமே தெரியல. எங்க ஈஆர்பி ஜாவாவுல எழுதுனது, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். ஜாவா ஆரம்பிக்கும்போதே எக்ஸ்எம்எக்ஸ்னு ஒரு அளவு குடுத்து வெச்சிருந்தோம், 2 ஜிபி. வெளில கடலே வந்தாலும் அது 2 ஜிபிய தாண்டி ஹீப், அதாவது டேட்டா வெச்சுக்கற மெமரி, எடுக்காது. ஜிசி, அதாவது தேவையில்லாத மெமரிய கூட்டித் தள்ளற வேல, பண்ற த்ரெட் எத்தனங்கறதையும் அது காலைல எந்திரிக்கும்போது எத்தன சிபியூ இருந்துச்சோ அத வெச்சே முடிவு பண்ணிட்டு ஒக்காந்திருக்கும், பொழுதோட நாலு புதுசா வந்தது அந்தக் கணக்குல சேராது. இத மாத்தணும்னா ஜாவாவ ரீஸ்டார்ட் பண்ணணும், பண்ணுனா எல்லாரும் வெளிய விழுவாங்க, அப்பறம் எதுக்கு இத்தன பாடு.

மைஎஸ்க்யூஎல் பரவால்லைங்க, 5.7-ல இருந்து, டேட்டாவ ரேம்ல வெச்சுக்கற பஃபர் பூல ஓடும்போதே ஏத்தலாம். செட் குளோபல்னு போட்டு 4 ஜிபிய 9 ஜிபி ஆக்குனேன், 128 எம்பி துண்டு துண்டா எடுத்துக்கிட்டு ரெண்டு மூச்சுல முடிஞ்சுது. அதுக்கு அப்பறம்தான் லிஸ்ட்டு ஓட ஆரம்பிச்சுது, அதுவும் மொத தடவ டிஸ்க்ல இருந்து படிச்சு மெதுவாத்தான் வந்துச்சு, ரெண்டாவது தடவைல இருந்து பறந்துச்சு. கான்ஃபிக் ஃபைல்லயும் மறக்காம எழுதிடணும், இல்லைன்னா அடுத்த ரீஸ்டார்ட்ல பழைய 4-க்கே போயிரும். இதே எடத்துல போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ் இருந்திருந்தா, இதே மாதிரி இருக்கற ஷேர்டு பஃபர்ஸ மாத்த ரீஸ்டார்ட் வேணும். சேத்த ரேம் முழுக்க வீண்னும் சொல்ல முடியாது, ஓஎஸ் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கும், அதுல கொஞ்சம் உசுரு வரும், ஆனா மொதலாளி கண்ணுக்குத் தெரியற மாதிரி வராது.

எங்கப்பா விவசாயி. இதக் கேட்டுட்டு "அஞ்சு எச்பி மோட்டார கழட்டிட்டு ஏழரை மாட்டுனியாமா, பைப்பு ஒன்றரை இஞ்சுதானே இருக்குது"ன்னாரு. இத விட நல்லா நான் சொல்லிடப் போறதில்ல.

டிஸ்க்க பத்தி மட்டும் எனக்கு ஒரு குறையும் இல்லீங்க, அது தங்கமான புள்ள. ஆர்டர் போட்டோ, லேபிள் ஆர்ட்வொர்க், பையர் அனுப்பற டெக் பேக் எல்லாத்தையும் ஆளாளுக்கு ஈஆர்பிக்குள்ளயே ஏத்தி ஏத்தி ஒரு நாள் மத்தியானம் 98 சதவீதம்னு அலர்ட் வந்துச்சு. சாப்பிட்டுட்டு இருந்தேன், அரிசிம்பருப்பு சோறு, டப்பாவ மூடாமயே பண்ணுனேன். ப்ராக்ஸ்மாக்ஸ்ல டிஸ்க் ரீசைஸ்னு போட்டு எத்தன ஜிபி கூட்டணும்னு குடுத்தா வெளிய பெருசாயிடும், 100 போட்டேன். உள்ள எல்எஸ்பிஎல்கே அடிச்சா எஸ்டிஏ 300 காட்டுது, ஆனா அதுக்குள்ள இருக்கற பார்ட்டிஷன் 200-லயே நிக்குது, காட்டோட வேலி தள்ளிப் போட்டாச்சு, உள்ள வரப்பு இன்னும் பழைய எடத்துல. க்ரோபார்ட் போட்டு பார்ட்டிஷன நீட்டுனேன், பிவிரீசைஸ் போட்டு, டிஸ்க் எடத்த வால்யூமா பங்கு போடற எல்விஎம்முக்கு தகவல் சொன்னேன், எல்விஎக்ஸ்டெண்ட் போட்டு வால்யூம இழுத்தேன், கடைசியா ரீசைஸ்டூஎஃப்எஸ் போட்டு ஃபைல் சிஸ்டத்தப் பெருசாக்குனேன். நாலே கமாண்ட், அந்த நேரத்துலயும் உள்ள ஆளுங்க பில் போட்டுட்டுதான் இருந்தாங்க, ஒருத்தருக்கும் தெரியல. டிஎஃப் அடிச்சா 66 சதவீதம். சோறு ஆறவே இல்ல.

ஆனா ஒண்ணு, நீட்டறதுக்கு முன்னாடி பேக்கப் இருக்குதான்னு பாத்துட்டுதான் பண்ணுவேன், எத்தன அவசரம்னாலும் சரி. பார்ட்டிஷன் டேபிளத் தொடற வேல அது. அந்த டேபிள் பழைய எம்பிஆர் வகைன்னா 2 டிபிக்கு மேல நீட்டி பிரயோஜனமில்ல, புது ஜிபிடி வகையா இருந்தாத்தான். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ்னா பெருசாக்கலாம், மறுபடி சின்னதாக்க முடியாது. விண்டோஸ் விஎம்ல இன்னொரு எரிச்சல், சி டிரைவுக்கு வலது பக்கத்துல ரெக்கவரி பார்ட்டிஷன்னு ஒண்ணு குந்திக்கும், புது எடம் அதுக்கு அக்கட்டால போயி நிக்கும், எக்ஸ்டெண்ட் வால்யூம்ங்கற மெனு மங்கிப் போயி கெடக்கும். நடுவுல இருக்கற ஊட்டுக்காரன் நகந்தாத்தான் வழி. அந்த வேலைய நான் ராத்திரிதான் பண்ணுவேன்.

ஏத்தறது இப்படி. எறக்கறது இருக்குதே, அது தனிக் கூத்து.

சீசன் முடிஞ்சுது, ஆர்டர் கொறஞ்சுது, அந்த 16-ல ஒரு 6 ஜிபிய திரும்ப எடுத்து சாம்பிளிங் டிபார்ட்மெண்டோட புது விஎம்முக்குக் குடுக்கலாம்னு 16-ஐ 10 ஆக்குனேன். சித்த நேரம் சுத்துச்சு, எரர் வந்துச்சு. ஃப்ரீ கமாண்ட்ல பாத்தா 7 ஜிபி சும்மாதான் கெடக்குது. சும்மா கெடக்கறத ஏன் தர மாட்டேங்குதுன்னு எனக்கு கோவம், அப்பறம் படிச்சாத்தான் புரிஞ்சுது.

திருப்பூர்ல லைன் வீடு பாத்திருப்பீங்க. ஒரே வரிசைல பத்து வீடு, பொதுக் கொழா, பொது வாசல். ஓனரு அந்த லைன இடிச்சுக் கட்டணும்னு வெச்சுக்கங்க. ஒம்பது வீட்டுல வாடகைக்கு இருக்கற பசங்கள பக்கத்து லைனுக்கு மாத்திடலாம், பாயச் சுருட்டுனா கெளம்பிருவாங்க. பத்தாவது வீட்டுல ஒரு தாத்தா இருக்காரு, கட்டில விட்டு நகர மாட்டாரு. அவரு ஒருத்தருக்காக லைனே இடிக்க முடியாது. ரேமும் அப்படித்தான். லினக்ஸ் அத ப்ளாக் ப்ளாக்கா பிரிச்சு வெச்சிருக்கும், சாதாரணமா ஒரு ப்ளாக் 128 எம்பி. ப்ரோகிராமோட பக்கங்கள இன்னொரு எடத்துக்கு நகத்தலாம். கர்னல் தன்ற சொந்த கணக்குக்கு எடுத்துக்கிட்டது நகராது. ஒரு ப்ளாக்குல அப்படி ஒரே ஒரு 4 கேபி பக்கம் இருந்தாலும் அந்த 128-ம் போச்சு. அதுக்காகத்தான் புதுசா வர்ற ரேம ஆன்லைன் பண்ணும்போதே 'ஆன்லைன் மூவபிள்'னு சொல்லி, இந்த லைன்ல தாத்தாங்களுக்கு வீடு இல்லைன்னு மொதல்லயே போர்டு மாட்டிடற வசதி இருக்குது. நான் மாட்டல. 2020-ல 5.8 கர்னல்ல வெர்ட்ஐஓ-மெம்னு ஒண்ணு வந்துச்சு, அது சின்னச் சின்னத் துண்டா ஏத்தி எறக்கறதுக்குன்னே பண்ணுனது, அத நான் வீட்டு லேப்ல மட்டும்தான் ஓட்டிப் பாத்தேன், ஆபீஸ்ல இல்ல.

பலூன்னு இன்னொரு வழி உண்டு, அது ரேம கழட்டறதில்ல, உள்ள ஒரு டிரைவர் காத்தடிச்ச பலூன் மாதிரி ஊதி எடத்த அடைச்சுக்கும், அடைச்ச எடத்த வெளிய பெட்டிக்காரன் எடுத்துக்குவான். கேக்க நல்லாத்தான் இருக்கும். அதிகமா ஊதிட்டா உள்ள மைஎஸ்க்யூஎல் மூச்சு முட்டும், ரேம் தீந்தா ப்ராசஸக் கொல்ற ஓஓஎம் கில்லர் வந்து இருக்கறதுலயே பெரிய ப்ராசஸப் பாத்து வெட்டும், பெரும்பாலும் அது டேட்டாபேஸாத்தான் இருக்கும். கெடா வெட்டுல கொழுத்த கெடாயத்தானே மொதல்ல புடிப்பாங்க. டேட்டாபேஸ் விஎம்முக்கு நான் பலூன ஆஃப் பண்ணியே வெச்சிருக்கேன்.

மத்த பெட்டிங்க எப்படின்னு கேப்பீங்க. கோயமுத்தூர்ல ஒரு மில்லுல வேல பாக்கற சிநேகிதன் விஎம்வேர் ஆளு, அவங்கூட டீக்கடைல நின்னு இதப் பேசாத நாள் கொறவு. அங்கயும் சிபியூ ஹாட் ஆட், மெமரி ஹாட் பிளக்குன்னு ரெண்டு டிக், ரெண்டும் மிஷின் ஆஃப்ல இருந்தாத்தான் போட முடியும். மெமரிய, மிஷின் ஆன் ஆனப்போ இருந்த அளவுல 16 மடங்கு வரைக்கும் ஏத்தலாம், ஆனா லினக்ஸ் விஎம்ம 3 ஜிபி இல்ல அதுக்கும் கீழ வெச்சு ஆரம்பிச்சா 3 ஜிபிய தாண்டி ஓடும்போது ஏத்த விடாது. ரேம ஓடும்போது எறக்கறதுங்கற பேச்சே அங்க இல்ல. எல்லா விஎம்முக்கும் டிக் போட்டு வெச்சா என்னடான்னு கேட்டேன், அவன் சிரிச்சான். சிபியூ ஹாட் ஆட் போட்டா விநூமா போயிரும், பெரிய விஎம்முக்கு எந்த ரேம் எந்த சிபியூவுக்குப் பக்கத்துல இருக்குதுன்னு உள்ள இருக்கற ஓஎஸ்சுக்குத் தெரியாமப் போயிரும், 4 சிபியூ விஎம்முக்கு இது ஒரு பொருட்டே இல்ல, 16, 20 சிபியூ டேட்டாபேஸுக்கு வேகம் அடி வாங்கும். விஎம்வேரோட விஸ்பியர் 8-ல புது ஹார்டுவேர் வெர்சன் போட்டா அதுக்கு ஒரு வழி குடுத்திருக்காங்க. அதனால டிக்குங்கறது ஓசி இல்ல, அதுக்கும் ஒரு வெல இருக்குது.

மைக்ரோசாஃப்ட்டோட ஹைப்பர்-வில விண்டோஸ் சர்வர் 2016-ல இருந்து ஓடற விஎம்முக்கு ரேம ஏத்தவும் எறக்கவும் முடியும், முன்கூட்டி டிக்கெல்லாம் இல்ல, ஆனா சிபியூ எண்ணிக்கைய ஓடும்போது மாத்த முடியாது. விர்ச்சுவல்பாக்ஸ் அப்படியே தலகீழ், சிபியூ மாட்டலாம், ரேம் மாட்ட முடியாது. அமேசானோட க்ளவுடு ஏடபிள்யூஎஸ்ல டிஸ்க்க ஓடும்போதே நீட்டலாம், பெரிய இன்ஸ்டன்ஸுக்கு (அங்க விஎம்முக்கு அதுதான் பேரு) மாறணும்னா நிறுத்தித்தான் ஆகணும். ஒவ்வொரு ஊருக்கு ஒரு வழக்கம்.

சிபியூ ஏத்தற ஆசை பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா எங்க மொதலாளி அந்த சனிக்கெழமைக்கு அப்பறம் ருசி கண்டுட்டாரு. எதுக்கெடுத்தாலும் "அந்த எட்ட பதினாறு ஆக்கு தம்பி"ங்கறாரு. எங்க பெரிய பெட்டில மொத்தமே 24 கோர். ஒவ்வொரு விஎம்முக்கும் 8, 8-ன்னு அள்ளிக் குடுத்தா காகிதத்துல எல்லாரும் பணக்காரங்க, நெசத்துல வரிசைல நிக்கணும். உள்ள டாப்ல எஸ்டின்னு ஒரு எண் இருக்கும் பாருங்க, ஸ்டீல், இவன் ஓடறதுக்கு ரெடியா இருந்தும் பெட்டிக்காரன் வேற ஆளுக்கு சிபியூவக் குடுத்துட்ட நேரம் அது. ஒரு நாள் அது 12-ன்னு காட்டுச்சு, சிபியூ சேத்ததுக்கு அப்பறம்தான். மத்த ரெண்டு விஎம்ல இருந்து நாலு நாலு எறக்குனேன், எதையும் சேக்காமயே ஈஆர்பி வேகமாச்சு. பவர் டேபிள்ல ஒரே ஷாஃப்ட்டுல மிஷின் மேல மிஷினா கோத்துட்டே போனா எல்லாமே இழுக்கும்ல, அது அவருக்கு உடனே புரிஞ்சுது, அவரு ஆரம்பத்துல பவர் டேபிள் போட்டு வந்தவரு.

இப்ப கடைசியா போன மாசம் ஒரு சனிக்கெழம. மறுபடி போன், மறுபடி சம்பள லிஸ்ட்டு. ரேம் ஏத்தத் தயாராத்தான் உள்ள போனேன், பாத்தா ரேம் பாதி காலி, சிபியூ ஒண்ணே ஒண்ணு மட்டும் நூத்துல நிக்குது, மத்த ஏழும் கொறட்ட விடுது. மைஎஸ்க்யூஎல்ல ப்ராசஸ்லிஸ்ட் பாத்தா ஒத்த க்வரி, ஆறு வருசத்துப் பீஸ் என்ட்ரி பூராவையும் மொத வரில இருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டு இருக்குது. தேதி இருக்கற காலமுக்கு (column) இண்டெக்ஸே இல்ல, அது இருந்தா வேணுங்கற வரிக்கு நேராப் போயிரும்! ஆறு வருசம் முன்னாடி டேட்டா கொஞ்சமா இருந்தப்ப யாருக்கும் உறுத்தல. சம்பளம் முடிஞ்சதும் இண்டெக்ஸ் போட்டேன், அதே லிஸ்ட்டு மூணு செகண்ட்ல வந்து நிக்குது. எனக்கு அந்தக் கெடா விருந்துதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அன்னைக்கும் இதேதான் பாதிக் காரணமோ என்னவோ, ரேமு ரேமுன்னு ஓடுனேன், க்வரிய எட்டிக் கூடப் பாக்கல.

இன்னும் ஒரு விஎம் பாக்கி இருக்குதுங்க, பழைய விண்டோஸ் ஒண்ணு, பார்கோடு பிரிண்ட் சாஃப்ட்வேரும் அட்டெண்டன்ஸும் அதுலதான். ஹாட்பிளக் டிக் இல்ல, சி டிரைவ்ல 9 ஜிபிதான் மிச்சம், பக்கத்துல அந்த ரெக்கவரி பார்ட்டிஷன் வேற குந்திருக்குது. நடு சீசன்ல அத நிறுத்தறேன்னு சொன்னா அடிச்சுடுவாங்க. தீபாவளி லீவுல ஊரே காலியாயிரும், போனஸ் வாங்கிட்டு எல்லாரும் கெளம்புனதுக்கு அப்பறம் ஒரு ராத்திரி ஒக்காந்து பண்ணலாம்னு ஆபீஸ் செவுத்துல காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன். எங்க ஊட்டுல இன்னும் சொல்லல.